சோயா சாஸில் வாட்டிய மிளகாயும் நான் பட்ட பாடும்

சர்க்கரை கட்டுக்குள் இல்லை, மாவுச்சத்தைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதும் எல்லோரையும் போல எனக்கும் முதலில் வந்த கவலை, அப்போ ராத்திரி என்னத்தைச் சாப்பிடுவது என்பதுதான். தட்டிலிருந்து சோறும் மாவுப் பண்டங்களும் போனபின் மிஞ்சியது காய்கறி மட்டும். அவித்த காயையே தொடர்ந்து தின்றால் உலகத்தின் மேலேயே ஒரு வெறுப்பு வந்துவிடுகிறது. நாக்கு செத்துக் கிடந்த அந்த நேரத்தில்தான் காரமில்லாத மிளகாயை நல்ல சூட்டில் தோல் கருக வாட்டி, சோயா சாஸ், எள் எண்ணெய், இஞ்சி, பூண்டு போட்டுப் பிரட்டும் கிழக்காசியச் சமையல் எனக்குத் தெரியவந்தது. ஜப்பானில் ஷிஷிதோ என்ற சுருக்கம் விழுந்த சின்னப் பச்சை மிளகாயை இப்படி வாட்டுகிறார்கள். சீனாவில் தோல் திட்டுத்திட்டாகக் கருகும்வரை பச்சை மிளகாயை வறுத்து, புலித்தோல் மிளகாய் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். கொரியாவில் ஷிஷிதோவின் உறவுக்கார மிளகாயைக் குட்டி நெத்திலிக் கருவாட்டோடு வதக்குகிறார்கள். பத்து நிமிஷ வேலை என்றுதான் இறங்கினேன். உருப்படியாக ஒரு தட்டு எடுத்து வைக்க மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் சில பாட்டில்களும் ஒரு நல்ல தவாவும் வீணாகி, ஒரு ராத்திரி நானே போய்ச்சேர இருந்தேன். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற ஆள் நான். இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல யாரும் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் மாவுச்சத்து ஏறக்குறைய 4.6 கிராம், அதில் நார்ச்சத்தே 1.7 கிராம். சிவப்பில் 6 கிராம், நார்ச்சத்து 2 கிராம். பச்சை என்பது பழுக்காத காய், அதே காய் செடியிலேயே பழுத்தால் இனிப்பு கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான் வித்தியாசம். பஜ்ஜி மிளகாய் மாதிரி நீளமான, காரம் குறைந்த ரகங்களும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஆக மிளகாயை எத்தனை தின்றாலும் சர்க்கரை தாறுமாறாக ஏறப் போவதில்லை. இந்தத் தைரியத்தில்தான் வாரத்தில் பாதி நாள் இதைச் செய்ய ஆரம்பித்தேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மீட்டர் சோறு சாப்பிட்ட நாளைப் போலவே காட்டியது. முதலில் மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, புது ஸ்ட்ரிப் டப்பா வாங்கினேன். அதுவும் அதையேதான் சொன்னது. வெறும் காயைத் தின்றும் ஏறுகிறதே என்று அன்றைக்கு வந்த எரிச்சலில் டயட்டையே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

விஷயம் பாட்டிலில் இருந்தது. ஆசியச் சமையல் என்றதும் நான் வாங்கி அடுக்கியவை ஹாய்சின் சாஸ், டெரியாக்கி சாஸ், சிப்பி சாஸ், ஸ்வீட் சில்லி சாஸ். ஹாய்சின் ஒரு மேஜைக்கரண்டியில் சுமார் 7 கிராம் மாவுச்சத்து. காய் முழுக்க ஒட்டிக்கொண்டு பளபளக்க வேண்டுமென்றால் மூன்று கரண்டியாவது ஊற்றத்தான் தோன்றும், அப்போது சாஸ் மட்டுமே 20 கிராமைத் தாண்டிவிடுகிறது. டெரியாக்கி ஒரு கரண்டிக்கு 3 கிராம், சிப்பி சாஸ் 2 கிராம் என்று பார்க்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் அவற்றையும் யாரும் ஒரு கரண்டியோடு நிறுத்துவதில்லை. பிராண்டுக்குப் பிராண்டு இந்த எண்கள் மாறும் என்பதால் உங்கள் கையில் இருக்கும் பாட்டிலின் முதுகைத்தான் நம்ப வேண்டும். அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது 'ஒரு பரிமாறல்' என்பது எவ்வளவு என்பதை. பெரும்பாலும் 15 மில்லிதான் இருக்கும். அப்புறம் சேர்மானப் பட்டியல். எடையில் எது அதிகமோ அது முதலில் வருகிற வரிசை அது. சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ முதல் மூன்றில் இருந்தால் நான் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுகிறேன். மால்டோடெக்ஸ்ட்ரின், சோள ஸ்டார்ச் என்பவையும் மாவுதான், பெயர்தான் வேறு. இன்னொரு சிக்கல், அமெரிக்க லேபிளில் மொத்த மாவுச்சத்து என்றால் நார்ச்சத்தும் அதற்குள் அடக்கம், ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்து ஏற்கெனவே கழித்துத்தான் போட்டிருக்கும். இறக்குமதிப் பாட்டில் எந்த ஊர்ச் சரக்கு என்று பார்க்காமல் நார்ச்சத்தைக் கழித்தால் கணக்கு தப்பும்.

சோயா சாஸ் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றில்லை என்பதும் காசு கொடுத்துக் கற்ற பாடம். சாதாரண சோயா சாஸில் கரண்டிக்கு ஒரு கிராம் மாவுச்சத்துகூட வராது. ஆனால் இந்தோனேசியாவின் கெச்சாப் மானிஸும் சோயா சாஸ்தான், அது பனை வெல்லம் போட்டுக் காய்ச்சிய பாகு. டார்க் சோயா சாஸில் நிறத்துக்காகக் கேரமலோ வெல்லப்பாகோ சேர்ப்பதுண்டு. அரிசி வினிகர் வாங்கினாலும் 'சீசன்டு' என்று ஒரு சொல் கூட இருந்தால் அது சுஷி சோற்றுக்காகச் சர்க்கரையும் உப்பும் கலந்த வினிகர். மிரின் கேட்கவே வேண்டாம், இனிப்புக்காகவே இருக்கிற அரிசி மது. கொரியாவின் கோச்சுஜாங் விழுதில் அரிசி மாவும் சிரப்பும் இருக்கும், ஆனால் அதே நிறமும் மணமும் தரும் கோச்சுகாரு வெறும் மிளகாய்த் தூள்தான், அதைத் தாராளமாகத் தூவலாம். இப்போது என்னிடம் நிரந்தரமாக இருப்பது சாதாரண சோயா சாஸ், இனிப்பில்லாத அரிசி வினிகர், மீன் சாஸ், வறுத்த எள் எண்ணெய், கோச்சுகாரு. மீதியை யாருக்கும் கொடுக்கவும் மனசில்லை, திறந்த பாட்டில், குப்பைக்குத்தான் போயின. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டும்: வழக்கமான சோயா சாஸ் சோயாவும் கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைத்தது. தமாரி என்ற வகையில் பெரும்பாலும் கோதுமை இருக்காது, இருந்தாலும் லேபிளைப் பார்த்துவிடுங்கள்.

சர்க்கரைக்குப் பயந்து சோயா சாஸை மட்டும் தாராளமாக ஊற்ற ஆரம்பித்ததும் அடுத்த வம்பு வந்தது. நடுராத்திரியில் நாக்கு வறண்டு தண்ணீருக்கு எழுந்திருப்பேன், காலையில் விரல் மோதிரம் கழலாது. ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுக்கவே 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மூன்று கரண்டி ஊற்றினால் அந்த ஒரு வேளையிலேயே கோட்டா தாண்டிவிடும். இப்போது இரண்டு பேர் அளவு மிளகாய்க்கு ஒரு கரண்டி சோயா, அதற்குச் சமமாக வினிகர், மேலே எலுமிச்சை என்று வைத்திருக்கிறேன். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவது தெரிவதில்லை. தனியாக உப்பு போடவே கூடாது. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்புக் குறைத்த சோயா சாஸ் வாங்கலாம், ஆனால் அதிலும் உப்பு இல்லாமல் இல்லை.

இனி அடுப்புக்கு வருவோம். குடைமிளகாயில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். வாணலி நிறைய அள்ளிப் போட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் காய் வேகத்தான் செய்யும், தோல் கருகாது. எனக்கு ரொம்ப நாள் கிடைத்தது பச்சை நிறம் செத்த, வழவழத்த, கண்றாவியான ஒரு பொருள். நாக்கில் வைத்தால் மிளகாய்க் கஷாயம். காரணம் இரண்டு: கழுவிய ஈரத்தோடு போட்டது, அப்புறம் சாஸை ஆரம்பத்திலேயே ஊற்றியது. சாஸ் என்பதும் தண்ணீர்தானே, சூடு உடனே இறங்கிவிடும். அது வற்றிய பிறகு அதில் இருக்கிற சர்க்கரையும் சோயாவும் அடிப்பிடித்துக் கசக்கும். ஆக ஒரே வாணலியில் வேகாத மிளகாயும் கருகிய சாஸும் ஒன்றாகக் கிடைக்கும். அதைச் சுரண்டிக் கழுவுகிற வேலை தனி.

சூடு போதவில்லை என்று புரிந்ததும் நான்-ஸ்டிக் தவாவை முழுத் தீயில் காய வைத்தேன். காலி நான்-ஸ்டிக் பாத்திரம் சில நிமிஷத்திலேயே 260 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும், அதற்கு மேல் அந்தப் பூச்சு கெட ஆரம்பிக்கும், இன்னும் சூடு ஏறினால் நச்சுப் புகை வரும். வீட்டில் கிளி, காதல் பறவை என்று எதையாவது வளர்த்தால் அந்தப் புகை அவற்றுக்கு உயிர் ஆபத்து. என்னிடம் பறவை இல்லை, பாழானது புது தவா மட்டும். பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. இந்த வேலைக்கு இரும்பு வாணலிதான் சரி. அது இல்லையென்றால் ஓவனில் 220 டிகிரியில் தட்டில் பரத்தி வைக்கலாம், சின்ன மிளகாய்க்கு 12 முதல் 15 நிமிஷம், குடைமிளகாய்த் துண்டுக்கு 20 நிமிஷத்துக்கு மேல். ஏர் ஃப்ரையர் 200 டிகிரியில் 8 நிமிஷம் வைத்தாலும் பரவாயில்லை, வாணலியின் அந்தப் புகை மணம் மட்டும் இருக்காது.

எண்ணெயிலும் ஒரு குழப்பம் உண்டு, இது நம் ஆட்களுக்கென்றே இருக்கிறது. எள் எண்ணெய் என்று குறிப்பில் போட்டிருந்ததும் நான் எடுத்தது நல்லெண்ணெய். அது வறுக்காத எள்ளை ஆட்டியது. கிழக்காசியர்கள் சொல்வது எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்த எண்ணெய், நிறமே காப்பித் தூள் நிறத்துக்குக் கிட்டே இருக்கும், மூடியைத் திறந்தால் வறுத்த எள் வாசம் அறை முழுக்க வரும். நல்லெண்ணெயை ஊற்றினால் கெடுதல் ஒன்றுமில்லை, அந்த ருசி வராது. சரி என்று சரியான எண்ணெயை வாங்கி அதிலேயே வதக்கினால் அது கருகிக் கசந்தது. அது தாளிக்கிற எண்ணெய் கிடையாது. அடுப்பை அணைத்த பின் கால் கரண்டி விட்டுப் பிரட்ட வேண்டிய வாசனை. வதக்குவதற்குக் கடலை எண்ணெய் மாதிரி சூடு தாங்குகிற ஏதாவது ஒன்று போதும். அதையும் வாணலியில் ஊற்றாமல் மிளகாயின் மேல் கையால் தடவினால் புகை பாதி குறைகிறது.

புகை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. காரமில்லாத மிளகாய் என்றால் கொஞ்சமும் காரமில்லை என்று பொருள் இல்லை. வில்பர் ஸ்கோவில் 1912இல் கொண்டுவந்த காரக் கணக்கில் குடைமிளகாய் பூஜ்யம். ஷிஷிதோ 50 முதல் 200 வரை போகும், ஸ்பெயினின் பத்ரோன் மிளகாய் 500இல் ஆரம்பித்து 2500 வரை ஏறும். ஷிஷிதோவில் பத்தில் ஒன்று உறைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வெயிலிலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் வாடிய செடியின் காய்க்குக் காரம் கூடும், வெளியே பார்த்தால் தெரியாது. அப்படி ஒன்று வாணலியில் கருகும்போது கிளம்பும் நெடி தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். ஜன்னலையெல்லாம் மூடிவைத்துச் சமைத்துவிட்டு, இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வர வாசலுக்கு ஓடினேன், உள்ளே புகை அலாரம் கத்திக்கொண்டிருந்தது. அடுப்பைப் பற்ற வைக்கும் முன்னாலேயே ஜன்னலும் புகைபோக்கி விசிறியும் திறந்திருக்கட்டும்.

கையும் அப்படித்தான். காரம் விதையில் இருக்கிறது என்று நினைக்கிறோம், உண்மையில் அது விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில் சுரப்பது. விதையில் இருப்பது அதிலிருந்து ஒட்டியதுதான். அந்த நரம்பைக் கட்டை விரலால் வழித்து எடுத்துவிட்டு, கையைத் தண்ணீரில் காட்டிவிட்டு, ராத்திரி கான்டாக்ட் லென்ஸைக் கழற்றப் போனேன். அதை எழுதவே இப்போது கண் எரிகிறது. மிளகாய்க்குக் காரம் தருகிற காப்சைசின் என்ற பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் கையில் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவுகிற சோப்பால் இரண்டு தடவை கழுவினால்தான் போகும். கண்ணுக்குத் தண்ணீரை மட்டுமே விட்டு நிறைய நேரம் அலச வேண்டும், வேறு எதையும் ஊற்றிப் பார்க்க வேண்டாம். லென்ஸ் போடுகிறவர்கள் சமைக்கும் முன்பே கழற்றிவிடுவது உத்தமம். வாயில் உறைத்தால் பால் அல்லது தயிர். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் காரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் குடித்தால் எரிச்சலை வாய் முழுக்கப் பரப்பிவிடும்.

நான் போய்ச்சேர இருந்தேன் என்று சொன்னது இதையெல்லாம் வைத்து இல்லை. பாட்டில்களையெல்லாம் ஒழித்து, சமையலும் கைக்கு வந்த பிறகு ஒரு ராத்திரி ஒரு பெரிய தட்டு நிறைய வாட்டிய மிளகாயை மட்டும் சாப்பிட்டேன். வயிறு நிறைந்த மாதிரிதான் இருந்தது. சர்க்கரைக்கு வழக்கமாகப் போடும் மாத்திரையையும் போட்டுக்கொண்டேன். படுத்துக் கொஞ்ச நேரத்தில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, செல்போன் திரையில் எழுத்து கலங்குகிறது. மாரடைப்பு என்றே நினைத்துவிட்டேன். கூப்பிட ஆள் இல்லை. எப்படியோ மீட்டரை எடுத்துக் குத்திப் பார்த்தால் 70க்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது. சர்க்கரை டப்பாவை எடுத்து அப்படியே வாயில் கொட்டிக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

கால் கிலோ மிளகாய் என்பது 60, 70 கலோரிதான். தட்டு பார்க்க நிறைந்திருக்கும், உள்ளே போவது சாப்பாடே இல்லை. அதன் மேல் கிளிமெபிரைட், கிளிக்ளசைடு மாதிரி சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை போட்டால், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது, கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைத்துவிடும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்னபோது மாத்திரை அளவை என்ன செய்வது என்று டாக்டரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மறுநாள் போய் நடந்ததைச் சொன்னதும் மாத்திரையைப் பாதியாக்கினார்கள். நீங்கள் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் டயட் ஆரம்பிக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து: மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். சர்க்கரை இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை எடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லையென்றால் திரும்பவும் அதே அளவு. ஏறிய பிறகும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். இந்த வகை மாத்திரையின் வேலை பல மணி நேரம் நீடிக்கும், ஒரு தடவை சரியானது மறுபடியும் இறங்கலாம். நான் படுக்கைக்குப் பக்கத்தில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கிறேன், அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் மாற்றுச் சாவியும் கொடுத்திருக்கிறேன்.

இப்போது நான் செய்கிற விதம் இது. மிளகாயைக் கழுவித் துணியில் நன்றாகத் துடைத்து உலர விடுவேன். சின்ன மிளகாயென்றால் முழுசாகவே போடலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் கத்தி முனையால் ஒரு கீறல் போட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஆவி அடைத்துப் படாரென்று வெடித்து எண்ணெய் தெறிக்கும். குடைமிளகாயை அகலத் துண்டாக, இரண்டு விரல் பருமனுக்கு. மெல்லிசாக நறுக்கினால் தோல் கருகுவதற்குள் சதை குழைந்துவிடும். எண்ணெயைத் தடவி, லேசாகப் புகை கிளம்பும் இரும்பு வாணலியில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கிண்டக் கூடாது. முதலில் சடசடவென்று சத்தம் வரும், கொஞ்சத்தில் தோல் வெளுத்து உப்பும், அப்புறம் அந்த உப்பலின் நுனியில் பழுப்பு விழுந்து கருப்பாகும். அப்போதுதான் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஆனதும் நடுவில் இடம் ஒதுக்கி நசுக்கிய பூண்டும் துருவிய இஞ்சியும் போட்டு, வாசம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவேன். பூண்டை முதலிலேயே போட்டால் கரிதான் மிஞ்சும். அணைத்த வாணலியில் சோயாவும் வினிகரும் ஊற்றினால் அந்தச் சூட்டிலேயே சீறி வற்றி மிளகாயில் ஒட்டிக்கொள்ளும். கடைசியாக வறுத்த எள் எண்ணெய், வறுத்த எள், கொஞ்சம் கோச்சுகாரு.

கூட முட்டையோ மீனோ டோஃபுவோ இல்லாமல் இதை நான் இப்போது சாப்பிடுவதில்லை. டோஃபு போடுவதாக இருந்தால் அதைத் தனியாகப் பொன்னிறமாக வறுத்துவிட்டுக் கடைசியில் சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் அதிலிருந்து வரும் தண்ணீர் மிளகாயைத் திரும்பவும் அவியலாக்கிவிடும். மிச்சம் வைத்தால் தோல் தொய்ந்துவிடும், சூடு பண்ணினாலும் பழைய பதம் திரும்பாது. ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பொடியாக நறுக்கி ஆம்லெட்டில் போட்டுவிடுவேன், அதற்கு அந்தத் தொய்வு தெரியாது, உப்பும் தனியாகப் போட வேண்டியதில்லை.